அனா, இந்தா, ஹுவ: கரிசல் காட்டில் அரபு மூவிடப் பெயர்கள்

‘அஸ்ஸலாமு அலைக்கும்’ என்ற வாழ்த்தைக் கேட்டறியாதவர் அருப்புக்கோட்டையில் இருக்க மாட்டார். மதம் வேறானாலும் கடைத்தெருவில் அதைச் சொல்லியும் பதில் சொல்லியும் பழகியவர்கள் உண்டு. அந்த வாழ்த்தின் கடைசியில் ஒட்டியிருக்கும் ‘கும்’ அரபு மொழியின் முன்னிலைப் பன்மைப் பெயர். ‘அலைக்கும்’ என்றால் ‘உங்கள் மீது’. எதிரே நிற்பவர் ஒரே ஆள்தான் என்றால் ஆணுக்கு ‘அலைக்க’ என்றும் பெண்ணுக்கு ‘அலைக்கி’ என்றும் சொல்ல அரபியில் வழி இருக்கிறது. ஆனாலும் வழக்கத்தில் நிலைத்தது பன்மைதான். அவரோடு இருக்கும் வானவர்களையும் சேர்த்து வாழ்த்துகிறோம் என்று மார்க்க அறிஞர்கள் விளக்கம் சொல்வார்கள். தமிழ்க் காதுக்கு அந்த விளக்கம் தேவைப்படுவதில்லை. ஒருவரைப் பன்மையில் அழைப்பது மரியாதை என்பது இங்கே பேசத் தொடங்கிய பிள்ளைக்கே தெரியும். அரபியில் எண்ணிக்கையாக இருந்தது இந்த மண்ணுக்கு வந்ததும் மரியாதையாகக் கேட்கிறது.

அரபு மூவிடப் பெயர்கள் தமிழ் வாயில் விழும்போதெல்லாம் இது நடக்கிறது. பேசுகிறவர் யார், கேட்கிறவர் யார், பேசப்படுகிறவர் யார் என்பதோடு தமிழ் நிற்பதில்லை. இவர்களில் யார் பெரியவர், யார் சின்னவர் என்றும் கேட்கிறது. அரபு இலக்கணத்தின் மூவிடப் பெயர் அட்டவணையில் அந்தக் கேள்விக்குக் கட்டமே கிடையாது. பள்ளிவாசலில் ஓதிய அரபியிலும், வளைகுடா நாடுகளில் வயிற்றுப்பாட்டுக்காகப் பேசிய அரபியிலும் நம்மவர்கள் அந்தக் கேள்வியைச் சுமந்தே போனார்கள். இரண்டு இடங்களிலும் அவர்களுக்குக் கிடைத்த விடை ஒன்றல்ல. அந்த வேறுபாட்டை விரித்துப் பார்ப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடிப் பகுதிகள் 1985 மார்ச் வரை ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. பிறகுதான் இன்றைய விருதுநகர் மாவட்டம் பிரிந்தது. அந்தப் பழைய மாவட்டத்தின் கடற்கரையில் இருக்கிறது கீழக்கரை. 1816 முதல் 1898 வரை வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அங்கிருந்து அரபியிலும், அரபு எழுத்தில் அமைந்த தமிழிலும் நூல்கள் எழுதினார். அந்த எழுத்துமுறையை அரபுத்தமிழ் என்றும் அர்வி என்றும் சொல்வார்கள். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளியும் குறியும் கூட்டிப் புதிய எழுத்துகளை உண்டாக்கிக்கொண்டார்கள். எழுத்துக்குப் புள்ளி கூட்டலாம். ‘நாம்’ என்பதற்கும் ‘நாங்கள்’ என்பதற்கும் நடுவில் இருக்கும் வேறுபாட்டை எந்தப் புள்ளியாலும் அரபிக்குள் கொண்டுபோக முடியாது.

உள்நாட்டுக் கரிசல் பகுதியின் கதை கடற்கரையினுடையதைப் போன்றதன்று. வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் நெல், நிறையாவிட்டால் கம்பும் சோளமும் பருத்தியும் மல்லியும். குண்டாற்றில் தண்ணீர் ஓடுவது மழைக்காலத்தில் சில நாள்களுக்குத்தான். தரிசு நிலமெல்லாம் சீமைக்கருவேலம் ஏறிய பிறகு கரிமூட்டம் போடுவதே பல ஊர்களில் தொழிலானது. 1973இல் எண்ணெய் விலை ஏறி வளைகுடா நாடுகளில் கட்டுமானம் பெருகியபோது, இந்த நிலத்தை நம்பிப் பயனில்லை என்று கண்டவர்கள் விசாவுக்குப் பணம் கட்டினார்கள். முஸ்லிம்கள் திரளாக வாழும் வீரசோழன், பக்கத்து மாவட்டத்து அபிராமம் போன்ற ஊர்களிலிருந்தும் போனார்கள். அரபியில் ஓர் எழுத்தும் அறியாத மற்ற சமூகத்தாரும் போனார்கள். ஆக, இந்த வட்டாரத்துக்கு அரபி இரண்டு வழியில் வந்தது. ஒன்று ஓதுபள்ளி வழி, மற்றது விமானத்தின் வழி.

முதலில் அட்டவணையைப் பார்த்துவிடலாம். அரபியில் தனித்து நிற்கும் மூவிடப் பெயர்கள் 12. படர்க்கையில் ஹுவ (அவன்), ஹிய (அவள்), ஹுமா (அவர்கள் இருவர்), ஹும் (ஆண்கள் பலர்), ஹுன்ன (பெண்கள் பலர்). முன்னிலையில் அன்த (நீ, ஆண்), அன்தி (நீ, பெண்), அன்துமா (நீங்கள் இருவர்), அன்தும், அன்துன்ன (நீங்கள் பலர், ஆணும் பெண்ணும் வேறாக). தன்மையில் இரண்டே இரண்டு: அனா (நான்), நஹ்னு. இந்தக் கடைசிச் சொல்லுக்குப் பொருள் எழுதத் தமிழனுக்குக் கை தயங்கும். நாமா, நாங்களா?

தமிழோடு வைத்துப் பார்த்தால் இரண்டு மொழிகளும் எங்கெங்கே கண்ணும் கருத்துமாக இருக்கின்றன என்பது தெரிகிறது. அரபி இருமைக்குத் தனி வடிவம் வைத்திருக்கிறது. தமிழுக்கு ஒன்று, அதற்கு மேல் பல. எதிரே நிற்பவர் ஆணா பெண்ணா என்று அரபிக்குத் தெரிந்தாக வேண்டும். தமிழில் ‘நீ’ எல்லாருக்கும் ‘நீ’தான். ஆனால் கேட்பவரைச் சேர்த்துக்கொண்டு பேசுகிறோமா, விலக்கிவிட்டுப் பேசுகிறோமா என்பது தமிழுக்கு முக்கியம். அருப்புக்கோட்டையில் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்களுக்கும் இது இயல்பு. தெலுங்கின் ‘மனமு’, ‘மேமு’ இரண்டும் ‘நாம்’, ‘நாங்கள்’ போலவே பிரிகின்றன. மரியாதைப் படிநிலையோ தமிழில் அடுக்கடுக்காக இருக்கிறது. நீ, நீர், நீங்கள். அவன், அவர், அவர்கள். இந்தப் பக்கத்துப் பேச்சில் இன்னொன்றும் சேரும்: ‘அவுக வந்தாக’, ‘அவுக சொன்னாக’. கணவன் பேரைச் சொல்லாத மனைவிக்கு அந்த ‘அவுக’ ஒன்றே போதும், ஊரே யாரென்று புரிந்துகொள்ளும்.

ஒன்றில் மட்டும் இரண்டு மொழிகளும் எதிர்பாராத அளவுக்கு நெருங்கி நிற்கின்றன. தமிழில் உயர்திணை, அஃறிணை என்ற பாகுபாடு உண்டு. அரபி இலக்கண ஆசிரியர்களும் ‘ஆக்கில்’, அதாவது அறிவுள்ளவை, அதில் சேராதவை என்று பிரிக்கிறார்கள். மனிதர் பலரைக் குறிக்க ‘ஹும்’ வரும். புத்தகங்களையோ ஆடுகளையோ குறிக்க அந்தப் பன்மை வராது, பெண்பால் ஒருமையான ‘ஹிய’ வரும். பல ஆடுகளை ‘அவள்’ என்று சொல்வது முதலில் விநோதமாக இருந்தாலும், பன்மையில் மனிதரை மட்டும் தனியே எடுத்து வைக்கும் புத்தி தமிழ் மாணவனுக்குப் பழகியதுதான். வேறொரு தொல்லை அவனுக்கு உண்டு. அரபியில் ‘அது’ இல்லை. ஞாயிறு பெண், நிலவு ஆண், காரும் பெண். உயிரில்லாத ஒவ்வொன்றுக்கும் ஆண்பாலா பெண்பாலா என்று மனப்பாடம் செய்ய வேண்டும்.

மதரஸாக்களில் ஆலிம் (மார்க்க அறிஞர்) படிப்புக்குச் சேர்ந்தவர்கள் முதலில் சொல்லிப் பழகுவது வினைத் திரிபுகளை. ஃபஅல, ஃபஅலா, ஃபஅலூ என்று 14 வடிவங்களை ராகம் போட்டு ஓதுவார்கள். அந்த வரிசை தமிழ் இலக்கணத்தைத் தலைகீழாக்கியதுபோல் இருக்கும். நாம் தன்மையில் தொடங்கி முன்னிலை வழியாகப் படர்க்கைக்குப் போகிறோம். அரபியில் படர்க்கை ஆண்பால் ஒருமைதான் முதலில். ஒட்டு எதுவும் சேராத வெறும் வினை அதுவாக இருப்பதே காரணம். ‘கதப’ என்றால் எழுதினான், ‘கதப்த’ எழுதினாய், ‘கதப்து’ எழுதினேன். தமிழின் ‘ஏன்’, ‘ஆய்’, ‘ஆன்’ செய்யும் வேலையை அங்கேயும் வினையின் வால்களே செய்கின்றன. அதனால் இரு மொழியிலும் ‘நான்’ என்று தனியாகச் சொல்லாமலே ஒரு வாக்கியத்தை முடிக்கலாம். வளைகுடாக் கதைக்கு வரும்போது இது மறுபடியும் தேவைப்படும்.

அரபு மூவிடப் பெயர்கள் பெரும்பாலும் வாழ்வது ஒட்டுகளாகத்தான். கிதாபு என்ற சொல் தமிழ் முஸ்லிம் வீடுகளில் புழங்குவது. கிதாபீ என் புத்தகம், கிதாபுக்க உன் புத்தகம், கிதாபுஹு அவன் புத்தகம், கிதாபுஹா அவள் புத்தகம். நன்றி சொல்லும் ‘ஜஸாக்கல்லாஹு கைர்’ என்ற தொடரிலும் ‘க’ என்ற ஒட்டு இருக்கிறது. அது ஓர் ஆணை நோக்கியது. பெண்ணுக்கு ‘ஜஸாக்கில்லாஹு’ என்றும் பலருக்கு ‘ஜஸாக்குமுல்லாஹு’ என்றும் ஆக வேண்டும். நம் ஊர்களில் எல்லாருக்கும் ஒரே வடிவத்தையே சொல்லிவிடுகிறவர்கள் அதிகம். இலக்கணம் படித்த ஆலிம்களின் வாயில் மட்டும் ‘கும்’ தவறாமல் வரும். அதிலும் ஒரே ஆளிடம் ‘கும்’ சொல்வதைக் கேட்டால், தமிழின் ‘நீங்கள்’ அரபிக்குள்ளும் இடம்பிடித்துவிட்டதோ என்று எனக்குத் தோன்றும்.

தமிழ் இஸ்லாமியப் புத்தகங்களைப் படித்தவர்களுக்கு ‘(ரலி)’ என்ற அடைப்புக்குறிச் சுருக்கம் தெரிந்திருக்கும். நபித்தோழர்களின் பெயரை அடுத்து வரும். விரித்தால் ‘ரலியல்லாஹு அன்ஹு’, இறைவன் அவரைப் பொருந்திக்கொள்ளட்டும் என்ற வேண்டுதல். (அரபியின் ளாத் என்ற எழுத்தைத் தமிழ் முஸ்லிம்கள் ‘ல’ ஆக்கிக்கொண்டதால் ‘ரலி’ ஆயிற்று, ரமலானில் இருப்பதும் அதே ‘ல’.) அபூபக்கருக்கு ‘அன்ஹு’. ஆயிஷாவுக்கு ‘அன்ஹா’. தந்தையும் மகனும் சேர்ந்து தோழர்களாக இருந்த பெயர் வந்தால் ‘அன்ஹுமா’. பலர் என்றால் ‘அன்ஹும்’. பால், எண், இருமை எல்லாம் அந்தக் கடைசி ஒட்டில்தான் இருக்கின்றன. சுருக்கும்போது தமிழ் அச்சு வெட்டிப்போட்டதும் அந்த ஒட்டையேதான். ‘(ரலி)’ எல்லாருக்கும் ஒன்று. வாய்விட்டு வாசிப்பவர் எதிரில் இருக்கும் பெயர் ஆணா பெண்ணா, ஒருவரா இருவரா என்று ஒரு கணம் யோசித்து, விடுபட்ட மூவிடப் பெயரைத் தன் அறிவிலிருந்து எடுத்து ஒட்ட வேண்டும். மார்க்கக் கல்வி பெற்றவர் தடுமாறாமல் ஒட்டுவார். மற்றவர் எல்லாருக்கும் ‘அன்ஹு’ போட்டுவிடுவார்.

ஒட்டை வெட்டிய அதே தமிழ் மறுபக்கம் தன் சொந்த ஒட்டு ஒன்றைச் சேர்த்தது. ‘நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள்’ என்று எழுதுகிறோம். அரபியில் நபியவர்களுக்கும் ‘ஹுவ’தான்; சந்தையில் பேரீச்சம்பழம் விற்பவனுக்கும் ‘ஹுவ’தான். தமிழ் முஸ்லிமின் வாயில் நபியை ‘அவன்’ என்று சொல்ல முடியாது. ஆனால் இறைவனை ‘அவன்’ என்றே சொல்கிறார்கள். ‘அல்லாஹ் கொடுப்பான்’, ‘அவன் அறிவான்’. தூதருக்கு ‘அவர்கள்’, அனுப்பியவனுக்கு ‘அவன்’. வெளியிலிருந்து கேட்பவருக்கு வியப்பாக இருக்கும். காரணம் ஆழமானது. தமிழில் மரியாதை என்பது பன்மையிலிருந்து பிறந்தது; ‘அவர்’ ஆதியில் பலர்பால். இறைவன் ஒருவனே என்பதை உயிர்நாடியாகக் கொண்ட மார்க்கத்துக்கு, மரியாதைக்காகக்கூட அவனைப் பன்மையில் சொல்ல மனம் வரவில்லை. சைவ, வைணவ அடியார்கள் இறைவனை ‘நீ’ என்றும் ‘அவன்’ என்றும் உரிமையோடு பாடிய மரபு ஏற்கெனவே இந்த மண்ணில் இருந்ததால் அந்த ‘அவன்’ ஒட்டாமல் நிற்கவும் இல்லை. அதே தெருவில் கிறிஸ்தவர்கள் கர்த்தரை ‘அவர்’ என்றும் ஜெபத்தில் ‘நீர்’, ‘தேவரீர்’ என்றும் சொல்கிறார்கள். ஒரே ஊரில், ஒரே தமிழில், இறைவனுக்கு மூவிடப் பெயர் வேறு வேறு.

குர்ஆனைத் தமிழாக்கியவர்களின் பாடு இன்னும் கடினமானது. தோற்றுவாய் என்னும் முதல் அத்தியாயம் இறைவனைப் படர்க்கையில் போற்றத் தொடங்கி, ஐந்தாம் வசனத்தில் திடீரென்று முன்னிலைக்குத் திரும்புகிறது. இப்படி இடம் மாறுவதை அரபு அணியிலக்கணம் ‘இல்திஃபாத்’ என்று சொல்லும். முகத்தைத் திருப்பி நேரே பார்ப்பது என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே தொழுபவர் தனியாக நின்றாலும் பன்மையில்தான் பேசுகிறார். அரபிக்கு அந்தப் பன்மை ஒன்றே. தமிழாக்கும்போது ‘நாம்’ என்று போட்டால் கேட்கும் இறைவனும் வணங்குவோரில் ஒருவனாகிவிடுவான். ஆகவே ‘நாங்கள்’. கருத்தில் தவறு நேராமல் காப்பாற்றுவது இங்கே தமிழ் இலக்கணம். ஆங்கிலத்திலோ உருதுவிலோ ஆக்குபவன் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டியதே இல்லை.

மாறாக, இறைவன் தன்னைக் குறித்துப் பன்மையில் பேசும் இடங்களில் தமிழ் மொழிபெயர்ப்புகள் ‘நாம்’ என்று எழுதுகின்றன. இரண்டாம் அத்தியாயத்தில் ஆதமின் படைப்பைச் சொல்லும் பகுதியில் இதை அருகருகே பார்க்கலாம். வானவர்கள் இறைவனிடம் பேசும்போது வரும் ‘நஹ்னு’ தமிழில் ‘நாங்கள்’. சில வசனங்கள் தள்ளி இறைவன் தன்னைச் சொல்லும் பன்மை ‘நாம்’. கணக்குப்படி பார்த்தால் இந்த ‘நாம்’ கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் சொல். படைத்தவனோடு படைக்கப்பட்டவரைச் சேர்த்துவிடாதா? சேர்க்காது. அரசர் தம்மைத் தாமே ‘நாம்’ என்று சொல்லிக்கொள்ளும் வழக்கம் தமிழில் பழையது. ராஜராஜன் தஞ்சைக் கல்வெட்டில் தன் கொடைகளை அப்படித்தான் சொல்கிறான். அந்த அரச ‘நாம்’ மக்கள் காதில் இருந்ததால் மொழிபெயர்ப்பாளர்களுக்கு வழி கிடைத்தது. ‘யாம்’ என்று போட்டிருந்தால் இலக்கணம் இன்னும் துல்லியமாகியிருக்கும். படிப்பவர் மனத்திலிருந்து விலகியும் போயிருக்கும். ‘நாம்’ என்ற தேர்வே சரி என்பது என் துணிபு.

இறைவன் நபியை விளிக்கும் இடங்களில் அரபி ‘அன்த’ என்று மட்டும் சொல்கிறது. ‘நீ’ என்று போடத் தமிழ் ஆலிம்களுக்கு மனம் ஒப்பவில்லை. சொல்பவன் இறைவனே ஆனாலும் எழுதுபவர் தாம் அல்லவா? பெரும்பாலோர் ‘நீர்’ என்ற நடுவழியைப் பிடித்து, ‘கூறுவீராக’ என்று ஏவலையும் அதற்கேற்ப அமைத்தார்கள். ‘நீங்கள்’ வரை போன மொழிபெயர்ப்பும் உண்டு. 55ஆம் அத்தியாயத்தில் 31 முறை திரும்பத் திரும்ப வரும் கேள்வியில் முன்னிலை இருமை இருக்கிறது. மனிதர், ஜின்கள் ஆகிய இரு சாராரை நோக்கியது என்று விரிவுரையாளர்கள் கொள்கிறார்கள். தமிழில் அந்த இருமைக்கு வடிவம் இல்லை. ‘இரு சாராரே’ என்றோ அடைப்புக்குள் விளக்கியோ 31 முறையும் எழுதியாக வேண்டும். அரபியில் ‘குமா’ என்று ஈரசையில் ஒலித்து முடிவதற்கு இங்கே ஒரு சொற்றொடர் செலவாகிறது.

இத்தனையும் ஓதுபள்ளியும் நூலும் சார்ந்த அரபி. இங்கே தமிழ் வலுவான இடத்தில் இருக்கிறது. அரபி விட்டுவைத்த இடங்களில் தன் மரியாதையையும் சேர்ப்பு விலக்கலையும் நிரப்பிக்கொள்கிறது. விமானம் ஏறிப் போனவர்களின் அரபியில் நிலைமை தலைகீழ்.

வளைகுடாவில் வேலை செய்தவர்கள் பேசும் அரபியை ‘உடைஞ்ச அரபி’ என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள். மொழியியலாளர்கள் அதற்கு வளைகுடா பிட்ஜின் அரபி என்று பெயரிட்டிருக்கிறார்கள். பல தாய்மொழியாளர்கள் ஒரு பொது வேலைத்தளத்தில் சந்திக்கும்போது பிறக்கும் கலப்பு மொழிக்குப் பிட்ஜின் என்று பெயர். ஜே. ஆர். ஸ்மார்ட் 1990இல் இதுபற்றி முதல் அறிக்கை எழுதினார். ஊன் நெஸ் ஓமானின் புரைமியில் களப்பணி செய்து 2008இல் ஆஸ்லோ பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேடு அளித்தார். 2010இல் முர்தளா பாகிர் அதன் வினையமைப்பை ஆராய்ந்தார். ஆளுக்கு ஆள் மாறும் உளறல் என்று ஒதுக்கிவிட முடியாதபடி இதில் ஓர் ஒழுங்கு இருப்பதை இந்த ஆய்வுகள் காட்டுகின்றன. ஊருக்குத் திரும்பியவர்கள் பேச்சில் இன்றும் தெறிக்கும் ‘மாஃபி’ (இல்லை), ‘முதீர்’ (மேலாளர்), ‘அர்பாப்’ (முதலாளி), ‘கல்லிவல்லி’ (விட்டுத்தள்ளு) எல்லாம் அந்த மொழியின் சொற்கள்.

அதன் மூவிடப் பெயர்களைப் பாருங்கள். 12 வடிவங்கள் சுருங்கி அனா, இந்தா, ஹுவ என்ற மூன்றே பெரும்பாலும் வேலை செய்கின்றன. வளைகுடா அரபியில் ‘அன்த’ என்பது ‘இன்த’ ஆகும். தமிழர் வாயில் அது ‘இந்தா’. ஆளைக் கூப்பிட ‘இந்தா’, ‘இந்தாங்க’ என்று சொல்லியே வளர்ந்தவர்களுக்கு அது நாவில் ஒட்டிக்கொள்ள நேரம் பிடித்திருக்காது. ஆண், பெண் வேறுபாடு கரைந்து, பெண்ணிடமும் ‘இந்தா’ போகிறது. இருமை அடியோடு இல்லை. ஒட்டுகள் உதிர்ந்துவிட்டன. ‘கிதாபீ’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘கிதாப் மால் அனா’, அதாவது புத்தகம், உடைமை, நான். ‘அனா மாஃபி ஃபுலூஸ்’ என்றால் என்னிடம் காசு இல்லை. ‘ஹுவ மாஃபி மாலூம்’ என்றால் அவனுக்குத் தெரியாது. ‘நஹ்னு’வின் வளைகுடா வடிவமும் அரிதாகவே கேட்கிறது. சேர்ந்து என்று சொல்ல வேண்டுமானால் ‘ஸவா ஸவா’ இருக்கிறது.

வினையில் நடந்ததுதான் எனக்குப் பெரிய செய்தி. தமிழ் வினைக்கு வால் உண்டு, அரபு வினைக்கும் வால் உண்டு என்று மேலே பார்த்தோம். இருவரும் சந்தித்தால் வாலுள்ள மொழியே பிறக்க வேண்டும் என்று எதிர்பார்ப்போம். பிறந்த மொழியில் வால் இல்லை. ‘அனா ரூஹ், இந்தா ரூஹ், ஹுவ ரூஹ்’. நானும் நீயும் அவனும் போவதற்கு ஒரே ‘ரூஹ்’. அந்த வேலைத்தளங்களில் உருது, வங்கம், பஷ்தோ, மலையாளம் எல்லாம் இருந்தன என்பதும், மலையாள வினை தன் வால்களை எப்போதோ உதிர்த்துவிட்டது என்பதும் உண்மைதான். அரபிகள் தாமே வெளிநாட்டாரிடம் பேசும்போது தம் மொழியை வெட்டிச் சுருக்கிக் கொடுத்தார்கள் என்பது அதைவிட முக்கியமானது. நம்மவர்கள் கற்றது அரபிகள் தமக்குள் பேசிக்கொண்ட அரபியை அல்ல. வேலையாளிடம் பேசுவதற்கென்று அவர்கள் ஒதுக்கி வைத்த அரபியை.

இங்கேதான் மரியாதைக் கேள்வி திரும்பி வருகிறது. கரிசல் காட்டில் மூவிடப் பெயர் வெறும் இலக்கணமாக இருந்ததில்லை. நரைத்த கிழவரை ‘நீ’ என்றும் ‘வாடா’ என்றும் சாதியை வைத்து ஒரு சிறுவன் அழைத்த காலம் வெகு தொலைவில் இல்லை. அந்தக் கிழவர் அவனைச் ‘சாமி’ என்றும் ‘வாங்க’ என்றும் சொல்லியாக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் வளர்ந்தவன் ரியாத்திலோ குவைத்திலோ போய் இறங்கி, தன் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருக்கும் கஃபீலை, அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்ற முதலாளியை, நேருக்கு நேர் ‘இந்தா’ என்று சொல்கிறான். கஃபீலும் அவனை ‘இந்தா’ என்கிறான். ஒரே சொல். பெயர் அட்டவணையை மட்டும் பார்த்தால் இருவரும் சமம். முறைப்படியான அரபியில் மன்னருக்கும் அமைச்சருக்கும் ‘கும்’ சேர்த்த பட்டப்பெயர்கள் உண்டு; எகிப்தில் ‘ஹள்ரத்தக்’ என்று மரியாதை முன்னிலையும் இருக்கிறது. வளைகுடாப் பணியிடத்துக்கு அவை வரவில்லை. மரியாதை சொல்ல வேண்டுமென்றால் ‘அர்பாப்’, ‘முதீர்’, ‘பாபா’ என்று ஒரு பெயரைச் சேர்த்துக்கொள்வார்கள். ‘இந்தா’ அப்படியே நிற்கும்.

மேலோட்டமாகப் பார்த்து, சாதி பார்க்காத ஒரு மூவிடப் பெயர் கிடைத்துவிட்டதே என்று மகிழலாம். அந்த மகிழ்ச்சியில் பொய் இல்லை. ஊரில் யாரையும் ‘நீ’ என்று சொல்ல உரிமை இல்லாதவனுக்கு அது சின்ன விஷயமும் அல்ல. ஆனால் ஏற்றத்தாழ்வு வேறொரு இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. ‘ரூஹ்’ என்பது என்ன வடிவம்? ‘போ’ என்னும் ஏவல். ‘ஜீப்’ என்றால் ‘கொண்டு வா’. ‘ஸவ்வி’ என்றால் ‘செய்’. பிட்ஜின் வினைகளில் ஒரு பகுதி படர்க்கை ஆண்பால் வடிவத்திலிருந்து வந்தது, ‘யிரூஹ்’, ‘யிஜி’ என்பவை போல. மற்றொரு பகுதி ஏவல் வடிவத்திலிருந்து வந்தது. நாள் முழுவதும் வேலையாளின் காதில் விழுந்தவை கட்டளைகளே; கட்டளையின் வடிவமே அவனுக்கு வினையின் வடிவமாகியது. ‘அனா ரூஹ்’ என்று ஒருவர் சொல்லும்போது, தான் போவதைத் தனக்கு இடப்பட்ட ‘போ’ என்ற சொல்லாலேயே சொல்கிறார். தமிழ் தன் மேல் கீழைப் பெயரில் வைத்திருந்தது. வேலைத்தள அரபி அதை வினையில் வைத்தது.

திருச்சுழியில் நின்று இதை யோசிக்கும்போது ரமணரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1879 டிசம்பர் 30 அன்று அந்த ஊரில் பிறந்தவர், பின்னால் திருவண்ணாமலையில் சிவப்பிரகாசம் பிள்ளையின் கேள்விகளுக்கு அளித்த விடைகளே ‘நான் யார்?’ என்ற நூலாயின. ‘உள்ளது நாற்ப’தில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்ற இலக்கணச் சொற்களையே எடுத்து, தன்மை இருந்தால்தான் மற்ற இரண்டும் இருக்கும் என்று நிறுவுகிறார். அவருடைய தேடல் ‘நான்’ எங்கிருந்து எழுகிறது என்பது. அதே வட்டாரத்திலிருந்து பாலைவனத்துக்குப் போனவரின் வாக்கியத்தில் ‘அனா’ முதலில் நிற்கிறது. அதைத் தாங்கும் வினை மட்டும் முன்னிலையிலிருந்து, வேறொருவர் வாயிலிருந்து வந்திருக்கிறது. ஆன்மிகத்தையும் கூலியையும் ஒன்றாக்க நான் முயலவில்லை. ‘நான்’ என்ற சொல்லை இவ்வளவு தீவிரமாக விசாரித்த ஒருவரைத் தந்த ஊர், தன் உழைப்பாளிகளின் ‘அனா’வையும் அதே அக்கறையோடு கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

வெளியிலிருந்து கற்றவர்களிடம் கேட்பதற்கு முன்னுதாரணம் அரபு இலக்கண வரலாற்றிலேயே இருக்கிறது. அரபியின் முதல் பேரிலக்கணத்தை எழுதிய சீபவைஹி எட்டாம் நூற்றாண்டில் பாஸ்ராவில் வாழ்ந்த பாரசீகர். அரபி அவருக்குக் கற்ற மொழி. மூவிடப் பெயர்களையும் ஒட்டுகளையும் இன்னின்ன இடத்தில் இன்னது வரும் என்று அவரால் வகுத்துச் சொல்ல முடிந்தது, அவை அவருக்குத் தாமாக வராததால்தான் என்று நினைக்கிறேன். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் போய்த் திரும்பிய நம்மவர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. அவர்களும் வெளியிலிருந்து ஓர் அரபியைக் கற்றவர்கள். எந்தச் சொல்லை யார் யாரிடம் சொல்லலாம் என்று அனுபவத்தால் அறிந்தவர்கள்.

பெண்களின் பக்கம் இன்னும் வெளிச்சம் தருவது. லெபனானில் வீட்டு வேலை செய்த இலங்கைப் பெண்களின் அரபியை ஃபிதா பிஸ்ரி ஆராய்ந்து, 2010இல் பிரெஞ்சில் ‘பிட்ஜின் மதாம்’ என்ற நூலை வெளியிட்டார். அடிமைப்பாட்டின் இலக்கணம் என்று அதற்குத் துணைத்தலைப்பு. வளைகுடாக் கட்டுமானத் தளத்தில் ஆண்கள் கேட்டது ஆண்பால் ஏவல்: ‘ரூஹ்’. லெபனான் வீடுகளின் சமையற்கட்டில் எசமானி பணிப்பெண்ணிடம் சொன்னது பெண்பால் ஏவல்: ‘ரூஹி’. அந்தப் பெண்களின் அரபியில் வினைகளாக உறைந்து நின்றவை அந்தப் பெண்பால் வடிவங்கள். யார் யாருக்குக் கட்டளையிட்டார்கள் என்பதை அந்த ஓர் இகரமே சொல்லிவிடுகிறது.